லிஃப்டில் ஒட்டிய காகிதம்: செய்தித்தாள் மக்களை அரசியலுக்குள் எப்படிக் கொண்டுவருகிறது?

பேப்பருக்கும் அரசியலுக்கும் உள்ள உறவைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு குரல்கள் தவறாமல் கேட்கும். ஒன்று, “ஜனங்கள் பேப்பர் படிப்பதை விட்டார்கள், அக்கறையும் போய்விட்டது” என்கிற புலம்பல். இன்னொன்று, “பேப்பர்காரன் எழுதுவதை நம்பித்தானே எல்லோரும் ஓட்டுப் போடுகிறார்கள்” என்கிற கோபம். எதிரெதிராகத் தெரிந்தாலும் இரண்டுக்கும் அடியில் ஒரே நினைப்புதான் இருக்கிறது: பேப்பர் ஒன்றைச் சொல்லும், படிப்பவர் அதைச் செய்வார். தலையங்கத்தில் “தவறாமல் வாக்களியுங்கள்” என்று போட்டால் மறுநாள் வாக்குச்சாவடி வரிசை நீண்டுவிடும் என்பது மாதிரி.

அப்படியெல்லாம் நடப்பதில்லை. ஆனாலும் ஓர் ஊருக்குச் செய்தித்தாள் இருப்பதற்கும் இல்லாததற்கும் வித்தியாசம் இருக்கிறது, அளந்தும் பார்த்திருக்கிறார்கள். அந்த வித்தியாசம் வந்து சேரும் வழி கொஞ்சம் சலிப்பூட்டுகிற வழி. அதனால்தான் அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை என்று நினைக்கிறேன்.

## பங்கேற்பு என்றால் ஓட்டு மட்டுமா?

முதலில் இந்த வார்த்தையைச் சரி செய்துகொள்வோம். குடிமக்கள் பங்கேற்பு என்பது, ஆள்பவர்கள் எடுக்கும் முடிவு தன் பக்கமும் கொஞ்சம் திரும்ப வேண்டும் என்று ஒரு சாதாரண ஆள் செய்கிற எந்தக் காரியமும். ஓட்டுப் போடுவது அதில் ஒன்று, அதுவும் சில வருடங்களுக்கு ஒருமுறை வருவது. மனுக் கொடுப்பது, மன்றக் கூட்டத்துக்குப் போய் உட்காருவது, கருத்துக் கேட்புக் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்பது, வரைவு விதி ஒன்றுக்கு ஆட்சேபம் எழுதி அனுப்புவது, ஊர்வலத்தில் நடப்பது, தானே வேட்பாளராக நிற்பது எல்லாமே இதில் சேரும். ஓட்டுச் சதவீதத்தை மட்டும் வைத்துக்கொண்டு “மக்கள் பங்கேற்கிறார்கள்” என்று திருப்திப்படுவது, தேர்வு நாளன்று மட்டும் வந்த மாணவனை வருகைப் பதிவில் முழு மதிப்பெண் கொடுத்துப் பாராட்டுவது போல.

## ஒரு காகிதம் என்னென்ன செய்கிறது

இருநூறு வீடுகள் உள்ள ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பை நினைத்துக்கொள்ளுங்கள். பராமரிப்புக் கட்டணத்தை ஏற்றப்போகிறார்கள். சங்கச் செயலாளரும் பொருளாளரும் பேசி முடித்துவிட்டார்கள், அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நிறைவேற்றிவிடுவார்கள். ரகசியம் ஒன்றுமில்லை, கணக்குப் புத்தகம் அலுவலக அறையில்தான் இருக்கிறது, கேட்டால் காட்டுவார்கள். ஆனால் கேட்கத்தான் யாருக்கும் நேரமில்லை. கூட்டத்துக்கு எட்டுப் பேர் வருவார்கள், அதில் ஆறு பேர் நிர்வாகிகள்.

இப்போது ஒருவர் அந்தக் கணக்கைப் படித்துவிட்டு, “கட்டணம் கூடுகிறது, போன வருடம் மோட்டாருக்கு இவ்வளவு செலவாகியிருக்கிறது, கூட்டம் ஞாயிறு காலை பத்து மணிக்கு மொட்டை மாடியில்” என்று நாலு வரி எழுதி லிஃப்டுக்குள் ஒட்டுகிறார். “எல்லோரும் வாருங்கள்” என்று அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மாடியில் நாற்காலி போதாமல் போகிறது.

எதனால்? நான் பார்த்தவரை மூன்று விஷயங்கள் ஒரே சமயத்தில் நடந்திருக்கின்றன. உங்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரருக்கும் தெரியும் என்பது உங்களுக்குத் தெரிந்துவிட்டது, அவரும் அதே லிஃப்டில்தானே ஏறி இறங்குகிறார். அப்புறம், உங்கள் எல்லோருக்கும் தெரியும் என்பது செயலாளருக்குத் தெரிந்துவிட்டது. மூன்றாவதை நிறையப் பேர் கணக்கில் எடுப்பதே இல்லை.

செய்தித்தாள் செய்வதும் இந்த மூன்றைத்தான், ஊர் அளவில். இனி ஒவ்வொன்றாக.

## தெரிந்துகொள்ள ஆகும் செலவு

அரசியலில் அக்கறை இல்லாதவர்களைச் சோம்பேறிகள் என்று திட்டுவது சுலபம். 1957-இல் ஆண்டனி டௌன்ஸ் என்ற பொருளியலாளர் இதை வேறு விதமாகப் பார்த்தார். ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள நேரம் ஆகிறது, அலைச்சல் ஆகிறது. இதைத் தகவல் செலவு என்று வைத்துக்கொள்வோம். அந்தச் செலவைச் செய்து, எல்லாவற்றையும் படித்துத் தேறி ஒருவர் ஓட்டுப் போட்டாலும், லட்சக்கணக்கான ஓட்டுகளில் அது ஒன்றுதான். அப்படியிருக்க, தெரிந்துகொள்ளாமல் இருப்பதே லாபம் என்று மனசு கணக்குப் போட்டுவிடுகிறது. அறிவில்லாததால் வருவதில்லை இது, கணக்குப் பார்த்து வருகிற அறியாமை.

மக்களைத் திருத்தி இந்தக் கணக்கை மாற்ற முடியாது, செலவைக் குறைத்தால்தான் மாறும். ஒரு நிருபர் நகர மன்றக் கூட்டத்தில் நாலு மணி நேரம் உட்கார்ந்து, யார் என்ன தீர்மானம் கொண்டுவந்தார், யார் எதிர்த்தார் என்று எழுதிக்கொண்டு வந்து இரண்டு பத்தியில் போட்டால், அதை ஐம்பதாயிரம் பேர் இரண்டு நிமிடத்தில் படித்துவிடலாம். ஐம்பதாயிரம் பேர் செய்ய வேண்டிய வேலையை ஒருத்தர் எல்லோருக்குமாகச் செய்துவிட்டார். செய்தித்தாளின் அடிப்படை வேலையே இதுதான், மற்றதெல்லாம் அதன் மேல் கட்டியது.

இதற்குள் இன்னொரு சின்ன நுணுக்கம் இருக்கிறது. “குப்பை வரி உயர்வுக்கு மக்கள் எதிர்ப்பு” என்று ஒரு செய்தி வருகிறது. படித்தால் கோபம் வரும். ஆனால் ஆட்சேபம் தெரிவிக்கக் கடைசி நாள் எது, யாருக்கு எழுத வேண்டும், கூட்டம் எங்கே என்று அதில் இல்லையென்றால் அந்தக் கோபம் டீக்குடிக்கும் நேரத்தோடு ஆறிவிடும். தேதி, இடம், தொடர்பு கொள்ள வேண்டியவர், செய்யும் முறை ஆகியவற்றைத் தருகிற தகவலைச் செயலுக்கான தகவல் எனலாம். ஜேம்ஸ் லெமர்ட் என்ற இதழியல் ஆய்வாளர் 1970-களில் இதைத் தேடிப் பார்த்தபோது ஒரு வேடிக்கை தெரிந்தது. சச்சரவு இல்லாத நிகழ்ச்சிகளுக்கு இந்த விவரமெல்லாம் செய்தித்தாள்கள் தாராளமாகத் தருகின்றன. சர்ச்சையுள்ள விஷயம் என்றால் விட்டுவிடுகின்றன. கொடுத்தால் பக்கச்சார்பு என்று சொல்லிவிடுவார்களோ என்ற தயக்கம். மலர்க்கண்காட்சி எத்தனை மணிக்கு என்று சொல்லும் பேப்பர், வரி உயர்வை விவாதிக்கும் கூட்டம் எத்தனை மணிக்கு என்று சொல்லக் கூச்சப்படுகிறது!

இதுவரை சொன்னது: ஆர்வமில்லாததைவிட அலைச்சல்தான் பெரும்பாலானவர்களைத் தடுக்கிறது. அந்த அலைச்சலைக் குறைப்பது செய்தித்தாளின் முதல் வேலை. அதிலும் “என்ன நடந்தது” என்பதோடு “எங்கே, எப்போது, யாரிடம்” என்பதும் சேர்ந்தால்தான் கால் நகரும்.

## எல்லோருக்கும் தெரியும் என்பது எல்லோருக்கும் தெரிவது

லிஃப்டுக் காகிதத்துக்குப் பதிலாக அதே நாலு வரியை ஒவ்வொரு வீட்டுக் கதவுக்கு அடியிலும் ரகசியமாகப் போட்டிருந்தால்? இருநூறு வீட்டுக்கும் விஷயம் தெரிந்திருக்கும், ஆனால் ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் வந்ததோ என்று நினைத்திருப்பார்கள். கூட்டத்துக்குத் தனியாகப் போய் நின்று வம்பு இழுத்தவன் என்ற பெயர் வாங்க யாருக்கும் ஆசை இருக்காது. தகவல் ஒன்றுதான், போய்ச் சேர்ந்த விதம் வேறு என்பதால் விளைவே மாறிவிடுகிறது.

ஒரு விஷயம் எல்லோருக்கும் தெரிந்து, அப்படித் தெரிந்திருப்பதும் எல்லோருக்கும் தெரிந்திருக்கிற நிலையைக் கூட்டறிவு என்று இந்தக் கட்டுரைக்காக வைத்துக்கொள்கிறேன். சேர்ந்து செய்கிற எந்தக் காரியத்துக்கும் இது வேண்டும். 1830-களில் அமெரிக்காவைச் சுற்றிப் பார்த்த பிரெஞ்சுக்காரர் அலெக்ஸி டி டோக்வில் இதைக் கவனித்திருக்கிறார்: ஒரே எண்ணத்தை ஒரே நேரத்தில் ஆயிரம் மனங்களில் போட நாளிதழால்தான் முடியும், ஒருவரையொருவர் அறியாமல் சிதறிக் கிடக்கிறவர்கள் கூடுவதற்கு அதுதான் வழி என்பது அவர் கணிப்பு.

“இப்போதுதான் போனிலேயே எல்லாம் வருகிறதே” என்று கேட்கத் தோன்றும். வருகிறது, வேகமாகவே வருகிறது, பல போராட்டங்களுக்கு ஆள் சேர்த்ததும் போன்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் உங்கள் திரையில் ஓடுவது உங்களுக்கென்று பொறுக்கி எடுத்தது. நீங்கள் பார்த்ததைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்தாரா என்று சொல்ல முடியாது. கதவுக்கு அடியில் போட்ட காகிதத்துக்குத்தான் அது கிட்டத்தில் இருக்கிறது. காகிதமா திரையா என்பதல்ல இங்கே கேள்வி. ஒரே முதல் பக்கத்தை ஊரே பார்க்கிறதா என்பதுதான்.

## எதைப் பற்றிப் பேசுவது என்று முடிவாகும் இடம்

மாக்ஸ்வெல் மெக்கோம்ப்ஸ், டொனால்ட் ஷா என்ற இரு இதழியல் ஆய்வாளர்கள் 1968 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது சாப்பல் ஹில் என்ற ஊரில், யாருக்கு ஓட்டு என்று இன்னும் முடிவு செய்யாத 100 பேரிடம் பேசினார்கள். நாட்டின் முக்கியப் பிரச்சினைகள் எவை என்று கேட்டு, அதே சமயம் ஊடகங்கள் எதற்கு எவ்வளவு இடம் கொடுத்தன என்றும் எண்ணினார்கள். இரண்டு வரிசையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. 1972-இல் இது வெளியானபோது அவர்கள் கொடுத்த பெயரைத் தமிழில் நிரல் அமைத்தல் என்று சொல்லலாம்: எப்படி யோசிப்பது என்பதைவிட, எதைப் பற்றி யோசிப்பது என்பதில்தான் பத்திரிகையின் கை ஓங்கியிருக்கிறது.

நல்லதும் கெட்டதும் இதில் சேர்ந்தே இருக்கிறது. பேப்பரில் வராத பிரச்சினை, அதை அனுபவிக்கிறவருக்கு எவ்வளவு பெரியதாக இருந்தாலும், பொதுப் பேச்சுக்கு வருவதே கஷ்டம். அதனால் “பேப்பர் என்ன எழுதியது” என்று சண்டை போடுவதைவிட “எதை எழுதவில்லை” என்று கேட்பது பயனுள்ள கேள்வி.

## செயலாளரின் கண்ணும் லிஃப்டில்தான்

இப்போது அந்த மூன்றாவது விஷயம். ஆள்பவர்களும் பேப்பர் படிக்கிறார்கள், நம்மைவிடக் கவனமாக.

உகாண்டாவில் 1990-களில் தொடக்கப் பள்ளிகளுக்கு மத்திய அரசு அனுப்பிய மானியத்தில் ஐந்தில் ஒரு பங்கு போலத்தான் பள்ளிகளைப் போய்ச் சேர்கிறது என்று ஓர் ஆய்வில் தெரியவந்தது. மிச்சமெல்லாம் நடுவில் உள்ள மட்டங்களிலேயே நின்றுவிட்டது. அதன் பிறகு, எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு அனுப்பினோம் என்பதை அரசே செய்தித்தாள்களில் வெளியிட ஆரம்பித்தது. தலைமை ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் கேட்பதற்கு ஓர் எண் கிடைத்துவிட்டது. 2001-இல் 80 சதவீதத்துக்கு மேல் பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. முழுப் புகழும் பேப்பருக்கே போகக் கூடாது, அதே காலத்தில் வேறு நிர்வாகச் சீர்திருத்தங்களும் நடந்தன என்று பின்னால் வந்தவர்கள் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். அது நியாயமான வாதம்தான். ஆனாலும் “மானியம் வந்ததா?” என்று பொதுவாகக் கேட்பதற்கும், “இவ்வளவு அனுப்பியதாகப் போட்டிருக்கிறதே, எங்கே?” என்று கேட்பதற்கும் உள்ள தூரம் ரொம்பப் பெரியது.

இந்தியாவிலும் ஒரு கணக்கு உண்டு. டிமோத்தி பெஸ்லி, ராபின் பர்ஜெஸ் என்ற பொருளியலாளர்கள் இருவரும் 1958 முதல் 1992 வரையிலான மாநிலவாரிப் புள்ளிவிவரங்களை ஆராய்ந்து 2002-இல் எழுதினார்கள். விளைச்சல் பொய்த்தபோதும் வெள்ளம் வந்தபோதும், செய்தித்தாள் விற்பனை அதிகமுள்ள மாநிலங்களின் அரசுகள் உணவு வழங்கலிலும் நிவாரணத்திலும் வேகமாக அசைந்திருக்கின்றன. இந்த விளைவு முக்கியமாக வட்டார மொழிப் பத்திரிகைகளிடமிருந்து வந்தது, ஆங்கில, இந்திப் பத்திரிகைகளிடமிருந்து அல்ல. பக்கத்தில் நடப்பதைப் பக்கத்தில் இருப்பவர்களின் மொழியில் எழுதுகிறவை அவைதான் என்பதால் எனக்கு ஆச்சரியமில்லை.

பங்கேற்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றால், கேட்டால் பதில் வரும் என்று ஒருமுறை கண்டவர் மறுபடியும் கேட்பார். மனு குப்பைத்தொட்டிக்குத்தான் போகும் என்று தெரிந்த ஊரில் யாரும் மனு எழுத மாட்டார்கள்.

## கோழியா, முட்டையா?

இங்கே ஒரு கெட்டிக்கார வாசகர் குறுக்கே வருவார்: “பேப்பர் படிக்கிறவன் ஏற்கெனவே அரசியலில் ஆர்வமுள்ளவன். அதனால் படிக்கிறான், அதனாலேயே ஓட்டும் போடுகிறான். பேப்பருக்கு இதில் என்ன பெருமை?” சரியான கேள்வி. படிப்பவர்களையும் படிக்காதவர்களையும் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிடும் கருத்துக்கணிப்புகள் எல்லாம் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன.

இதைத் தாண்ட ஒரு வழி, ஆட்களை விட்டுவிட்டு ஊர்களைப் பார்ப்பது. ஓர் ஊரில் புதிதாகப் பேப்பர் தொடங்கும்போதும், இருந்தது மூடப்படும்போதும் என்ன மாறுகிறது? மேத்யூ ஜென்ட்ஸ்கோ என்ற பொருளியலாளரும் உடன் ஆய்வாளர்களும் அமெரிக்காவின் 1869 முதல் 2004 வரையிலான தரவுகளில் இப்படிப் பார்த்தார்கள். ஒரு நாளிதழ் கூடினால் அதிபர் தேர்தல் வாக்குப்பதிவு சுமார் 0.3 சதவீதப் புள்ளி கூடுகிறது. பேப்பரே இல்லாத ஊருக்கு முதல் பேப்பர் வரும்போதுதான் இந்த விளைவு பெரியது, இரண்டாவது மூன்றாவது வருவதால் அவ்வளவு இல்லை. இன்னொன்றும் கண்டார்கள்: கட்சி சார்ந்த பேப்பர்கள் வந்ததால் அந்தக் கட்சிகளின் ஓட்டுப் பங்கு மாறியதற்குச் சான்று இல்லை. சாவடிக்கு அழைத்து வந்திருக்கிறது, யாருக்குப் போடுவது என்பதை மாற்றவில்லை.

மூடும்போது? 2007-இன் கடைசி நாளில், அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் வந்துகொண்டிருந்த சின்சினாட்டி போஸ்ட் என்ற நாளிதழ் நின்றது. சுமார் 27,000 பிரதிதான் விற்றது, ஊரில் அதைவிடப் பெரிய பேப்பர் வேறு இருந்தது, அது தொடரவும் செய்தது. இருந்தும், போஸ்ட் அதிகம் எழுதிவந்த, பக்கத்து மாநிலமான கென்டக்கியின் ஊர்களில் அதன் பிறகு உள்ளாட்சித் தேர்தலுக்கு நிற்கிறவர்கள் குறைந்தார்கள், பதவியில் இருந்தவர்களே மறுபடி ஜெயிப்பது கூடியது, வாக்குப்பதிவும் இறங்கியது. சின்ன ஊர்களின் தரவு என்பதால் இந்த எண்களைத் துல்லியமானவையாக எடுத்துக்கொள்ளக் கூடாது, ஆய்வாளர்களே அதைச் சொல்கிறார்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது ஓட்டைவிட அந்த முதல் விஷயம்: எதிர்த்து நிற்க வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். நின்றால் தன்னைப் பற்றி நாலு பேருக்குத் தெரியும் என்ற நம்பிக்கை இல்லாத இடத்தில் யார் நிற்பார்கள்?

இன்னொரு சோதனை நம் வாதத்தைக் கொஞ்சம் அடக்கி வைக்கும். 2005-இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஆளுநர் (அங்கே மாநில அரசின் தலைவர்) தேர்தலுக்கு முன், வாஷிங்டன் போஸ்ட், வாஷிங்டன் டைம்ஸ் இரண்டையும் வாங்காத வீடுகளை ஆய்வாளர்கள் குலுக்கல் முறையில் பிரித்து, சிலவற்றுக்கு முதலாவதையும் சிலவற்றுக்கு இரண்டாவதையும் சில வாரங்கள் இலவசமாகப் போட வைத்தார்கள். அரசியல் அறிவும் கூடவில்லை, அந்தத் தேர்தலில் வாக்குப்பதிவும் கூடவில்லை. மறுவருடத் தேர்தலில்தான் லேசான உயர்வு தெரிந்தது. வாஷிங்டன் போஸ்ட் வந்த வீடுகளில் டெமாக்ரட் (ஜனநாயகக் கட்சி) வேட்பாளருக்கு ஆதரவு கூடியிருந்தது, ஆக “கருத்தை மாற்றவே மாற்றாது” என்று அடித்துச் சொல்லவும் முடியாது. வாசலில் காகிதம் விழுந்த மறுநாளே குடிமகன் பிறந்துவிடுவதில்லை. ஊர் முழுக்கப் பல வருடமாக ஒரே பேப்பரைச் சுற்றிப் பேசிப் பழகுவது வேறு, பத்து வாரம் இலவசமாக வருவது வேறு.

சுருக்கமாக: ஒவ்வொரு பேப்பரின் விளைவும் சிறியது, ஆனால் உண்மையானது. அது தனி வாசகரிடம் தெரிவதைவிட ஊர் அளவில் தெளிவாகத் தெரிகிறது.

## பேப்பர் இருந்தும் வேலை செய்யாத இடங்கள்

பேப்பர் இருந்தாலே போதும் என்றும் நினைக்க வேண்டாம். தேர்தல் செய்தி முழுவதும் “யார் முந்துகிறார், யார் பிந்துகிறார், யார் யாருக்குக் குழி பறித்தார்” என்று குதிரைப் பந்தய வர்ணனையாக ஆகிவிட்டால், வாசகர் பார்வையாளராகிவிடுகிறார். பந்தயத்தில் பார்வையாளருக்கு என்ன வேலை? கைதட்டுவது, அலுத்துப்போனால் எழுந்து போவது.

தலைநகரச் செய்தி உள்ளூர்ச் செய்தியைத் தின்றுவிடுவது இதைவிட மோசம். தலைநகரில் நடப்பதை நீங்கள் எவ்வளவு படித்தாலும் நாளைக் காலை அதில் செய்ய முடிவது சொற்பம், கட்சி கட்டிக்கொண்டு கோபப்படுவதைத் தவிர. கலிஃபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸில் வெளிவரும் டெசர்ட் சன் 2019 ஜூலையில் ஒரு மாதம் மட்டும் தன் கருத்துப் பக்கத்திலிருந்து தேசிய அரசியலை எடுத்துவிட்டு உள்ளூர் விஷயங்களுக்கு இடம் கொடுத்தது. போக்குவரத்து, கட்டடங்கள், கலை நிகழ்ச்சிகள் என்று பேச்சு திரும்பியது. இதே போன்ற இன்னொரு ஊரோடு ஒப்பிட்டபோது, இங்கே கட்சிப் பிளவு வளரும் வேகம் மட்டுப்பட்டிருந்தது. ஒரு மாதத்துக்குள், ஒரே ஒரு பக்கத்தை மாற்றியதில்.

நிருபர்களைக் குறைத்துவிட்ட பேப்பர் வெளியிலிருந்து பார்க்கப் பழையபடியேதான் இருக்கும்: அதே பெயர், அதே எழுத்துரு, விளம்பரம்கூட அதே இடத்தில். மன்றக் கூட்டத்தில் பத்திரிகையாளர் நாற்காலி மட்டும் காலியாக இருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. இன்றைய பேப்பரில் உள்ளூர் அரசியல் செய்தி ஒன்றை எடுத்து, அது நிருபர் நேரில் போய்ப் பார்த்து எழுதியதா, அலுவலகம் அனுப்பிய அறிக்கையை அப்படியே போட்டதா என்று பாருங்கள். எதிர்த்துப் பேசியவர் பெயர் இருக்கிறதா, அடுத்த கூட்டம் என்றைக்கு என்று போட்டிருக்கிறதா? அறிக்கையில் இந்த இரண்டும் பெரும்பாலும் இருக்காது, ஏனென்றால் அதை எழுதியவர் செயலாளர்.